இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் மட்டும் திடீரென்று ஏன் பலசாலி ஆனான்?

உங்கள் பிள்ளைகள் இரட்டையர், வயது பதினைந்து. ஆறாம் வகுப்பு வரை ஆர்ம் ரெஸ்லிங்கில் மகள்தான் ஜெயித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் பள்ளிக் கபடி அணியில் தினமும் பயிற்சி செய்கிறாள், பையன் போனும் கையுமாகக் கிடக்கிறான். ஆனாலும் இரண்டு நொடியில் அவள் கையைச் சாய்த்துவிடுகிறான். அவள் ஒழுங்காகச் சாப்பிடாததுதான் காரணம் என்கிறார் உங்கள் மனைவி. பொம்பளைப் பிள்ளை என்றால் அப்படித்தான் என்கிறார் பி.டி. சார். அப்புறம் நான் எதுக்குப் பயிற்சி செய்யணும் என்கிறாள் மகள். இவர்களில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைக்கு உடம்பில் ஏதும் குறை இருக்குமோ என்ற கவலையும் கேள்விக்குள் இருப்பது தெரிகிறது. தசை வலிமையை அளப்பதும் விளையாட்டுக் காயங்களைத் தேற்றுவதும் தொழிலாகக் கொண்ட பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் சொல்கிறேன். ஹார்மோன் கோளாறு உண்டா இல்லையா என்று எழுத்தில் படித்துவிட்டு யாராலும் சொல்ல முடியாது. அது நேரில் பார்க்கும் மருத்துவரின் வேலை.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மகளுக்கு எதுவும் குறைந்த மாதிரி இல்லை. மாறியது பையனின் உடம்பு. பெண் குழந்தைகளுக்குப் பருவ மாற்றம் 8 முதல் 13 வயதுக்குள் தொடங்கும், ஆண் குழந்தைகளுக்கு 9 முதல் 14. உயரம் மளமளவென்று ஏறுவது பெண்களுக்கு 12 வயதை ஒட்டி, பையன்களுக்கு 14-ஐ ஒட்டி. ஆக பதினொரு வயதில் அவள் அவனைவிட உயரமாகவும் கனமாகவும் இருந்திருப்பாள். அன்றைக்கு அவள் ஜெயித்ததும் இன்றைக்கு அவன் ஜெயிப்பதும் ஒரே காரணத்தால்தான்: இருவருக்கும் பருவம் வெவ்வேறு நேரத்தில் வந்தது. பருவத்துக்கு முந்தைய வயதில் பிடிவலிமையில், அதாவது கையால் இறுக்கிப் பிடிக்கும் பலத்தில், பையன்கள் சராசரியாகக் கொஞ்சம் முன்னால் இருப்பார்கள். ஆனால் ஒரு வகுப்பறையில் யார் ஜெயிப்பார் என்று ஆணா பெண்ணா என்பதை மட்டும் வைத்துச் சொல்லும் அளவுக்கு அது பெரிதில்லை.

அதற்குப் பிறகு நடப்பது வேறு. பையனின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் 20 முதல் 30 மடங்கு ஏறுகிறது. வளர்ந்த ஆணின் அளவு வளர்ந்த பெண்ணின் அளவைப்போல் சுமார் 15 மடங்கு. ஆரோக்கியமான ஆண்களில் மிகக் குறைவாக உள்ளவரின் அளவுகூட ஆரோக்கியமான பெண்களின் மேல் எல்லையைவிடப் பல மடங்கு அதிகம். அது தசை நார்களைத் தடிமனாக்குகிறது, தோளை அகலமாக்குகிறது, முன்கையையும் உள்ளங்கையையும் பெரிதாக்குகிறது, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினையும் கூட்டுகிறது. இதற்கு அவன் எந்தப் பயிற்சியும் செய்ய வேண்டியதில்லை. உயரம் வேகமாக ஏறி முடிந்து ஓராண்டு கழித்துத்தான் வலிமையின் பாய்ச்சல் வரும். ஆகவே இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அவன் பக்கம் இடைவெளி கூடிக்கொண்டே போகும். பயிற்சி இல்லாத பெண்ணின் வலிமை 15, 16 வயதில் ஏறத்தாழ ஓரிடத்தில் நின்றுவிடும். ஆணுக்கு இருபதுகளிலும் ஏறும். இதை இப்போதே இருவரிடமும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவள் தன் மேல் குற்றம் காண்பாள், அவன் தன் திறமை என்று நினைத்துக்கொள்வான்.

எவ்வளவு வித்தியாசம் என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள், இரண்டு பக்கமும். 468 பேரை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அளந்து 2000-இல் வெளியான ஆய்வில் ஆண்களுக்குச் சராசரி 33 கிலோ எலும்புத்தசை, பெண்களுக்கு 21 கிலோ. இடைவெளி உடம்பு முழுக்க ஒரே அளவில் இல்லை. மேலுடம்பில் பெண்களுக்குச் சுமார் 40 சதவீதம் குறைவு, கீழுடம்பில் சுமார் 33 சதவீதம். வலிமையை நேரடியாக அளந்த இன்னொரு சிறிய ஆய்வு (1993) பெண்களின் மேலுடம்பு வலிமை ஆண்களுடையதில் 52 சதவீதம், காலில் 66 சதவீதம் என்றது. அதில் கலந்துகொண்டவர்கள் பதினாறே பேர் என்பதால் அந்த எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கையில் இடைவெளி பெரிது, காலில் சிறிது என்ற போக்கு ஆய்வுக்கு ஆய்வு திரும்பத் திரும்ப வருகிறது, அதில் சந்தேகமில்லை. தசையின் தரத்திலும் வித்தியாசம் இல்லை. ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டுத் தசை தரும் விசை இருபாலருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். தசை எவ்வளவு, அது எந்த நீளமுள்ள எலும்பை இழுக்கிறது என்பதில்தான் மாற்றம்.

உங்கள் வீட்டில் நடப்பதற்கு மிக நெருக்கமான எண்கள் ஜெர்மனியில் 2007-இல் வெளியானவை. 20 முதல் 25 வயதுள்ள 1,654 ஆண்கள், 533 பெண்கள், கூடவே ஜூடோ, ஹேண்ட்பால் போன்ற விளையாட்டுகளில் தேசிய அளவில் ஆடும் 60 வீராங்கனைகள். எல்லோருக்கும் பிடிவலிமை அளந்தார்கள். சாதாரண ஆண்களின் சராசரி 541 நியூட்டன், அதாவது சுமார் 55 கிலோ. சாதாரண பெண்களுக்கு 329 நியூட்டன், 33 கிலோவுக்குச் சற்று மேல். வீராங்கனைகளுக்கு 444 நியூட்டன், 45 கிலோ. ஆண்டுக்கணக்கில் எதிராளியின் உடையைப் பிடித்து இழுத்துப் பழகிய கைகள் சாதாரணப் பெண்ணைவிட மூன்றில் ஒரு பங்கு வலிமை கூடியிருக்கின்றன. ஆனால் பயிற்சி இல்லாத ஆணின் சராசரியைத் தொடவில்லை. உங்கள் மகளின் கபடிப் பயிற்சியும் மகனின் போனும் ஏன் கணக்கைத் திருப்பவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான விடை இல்லை. நம் ஊரில் இருபாலருக்கும் சராசரி இதைவிடக் குறைவு. ஆகவே 33-ஐயும் 55-ஐயும் உங்கள் பிள்ளைகளுக்கான இலக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். விகிதத்தை மட்டும் பாருங்கள்.

பயிற்சிதான் எல்லாம், பெண்களுக்குச் சரியான பயிற்சி கொடுத்தால் இடைவெளி மூடிவிடும் என்று சொல்பவர்களுக்குப் பளுதூக்குதலைக் காட்டுவேன். அங்கே இருபாலரும் முழு நேரப் பயிற்சியாளர்கள், உடல் எடையும் ஏறத்தாழ சமம். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் 61 கிலோ பிரிவில் தங்கம் வென்ற சீனாவின் லீ ஃபாபின் இரண்டு வகைத் தூக்குதலிலும் சேர்த்துத் தூக்கிய மொத்தம் 313 கிலோ. பெண்கள் 59 கிலோ பிரிவில் தைவானின் குவோ ஸிங்-சுன் 236 கிலோ. ஏறத்தாழ முக்கால் பங்கு. கம்பிகூட ஒரே மாதிரி இல்லை: ஆண்களுக்கு 20 கிலோ எடை, 28 மில்லிமீட்டர் தடிமன், பெண்களுக்கு 15 கிலோ, 25 மில்லிமீட்டர். சிறிய கைக்குத் தடித்த கம்பியைக் கொடுத்தால் முதுகும் காலும் தயாராக இருந்தாலும் பிடி முதலில் நழுவும். பி.டி. சார் சொல்வதுபோல் அப்படித்தான் என்று விட்டுவிடுபவர்களுக்கும் அதே போட்டியைத்தான் காட்டுவேன். 49 கிலோ பிரிவில் வெள்ளி வென்ற மீராபாய் சானு, முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 115 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தினார். தன் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஜிம்முக்குப் போகும் ஆண்களில் பெரும்பாலானோர் வாழ்நாளில் அதைச் செய்ய மாட்டார்கள்.

இவ்வளவு பெரிய வித்தியாசம் ஏன் பலருக்குப் பெரியவர்களான பிறகும் சரியாகத் தெரிவதில்லை என்பதுதான் எனக்கு இதில் சுவாரசியமான பகுதி. ஒன்றாக மல்லுக்கட்டி, ஓடிப் பிடித்து, கையை முறுக்கி விளையாடும் வயது பத்து பன்னிரண்டோடு முடிகிறது. வித்தியாசம் தொடங்குவதோ அதற்குப் பிறகு. எதிர்பாலரின் பலத்தை நேரடியாக உணரும் வாய்ப்பு சரியாக அந்த நேரத்தில் நின்றுபோகிறது. மனதில் இருப்பது ஆறாம் வகுப்புக் கணக்கு. வீட்டில் வயதொத்த அண்ணன் தம்பி இருக்கும் பெண்களுக்குத்தான் உங்கள் மகளுக்குத் தெரிந்ததுபோல் ஓர் அதிர்ச்சியோடு தெரியவருகிறது. பள்ளியிலும் ஒப்பிட வழியில்லை. கேலோ இந்தியா உடற்தகுதித் தேர்வில் பையன்களுக்கு முழு புஷ்-அப், பெண்களுக்கு முழங்காலை ஊன்றிய புஷ்-அப். முழு புஷ்-அப்பில் கை தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முழங்கால் ஊன்றினால் பாதியை ஒட்டி. அவன் 20, அவள் 20 என்று மதிப்பெண் தாளில் இருந்தால் இருவரும் ஒரே வேலையைச் செய்ததாக அர்த்தமில்லை.

ஓட்டத்தைப் பார்த்து ஏமாறுபவர்களும் உண்டு. 100 மீட்டர் உலக சாதனை ஆண்களுக்கு 9.58 நொடி, பெண்களுக்கு 10.49. பத்து சதவீதத்துக்கும் குறைவு. அதனால் வலிமையிலும் பத்து சதவீதம்தான் வித்தியாசம் என்று முடிவு கட்டுகிறார்கள். ஓடுபவர் சுமப்பது தன் உடம்பை மட்டும். எடை குறைவானவருக்குச் சுமையும் குறைகிறது. ஆர்ம் ரெஸ்லிங்கிலோ எதிரே இருப்பது உங்கள் எடைக்கேற்பக் குறையாத ஒரு கை. கட்டட வேலையில் சித்தாள் பெண்கள் நாள் முழுக்கக் கலவைச் சட்டி சுமப்பதைக் காட்டி, பெண்களுக்கா பலமில்லை என்று கேட்பதும் இதே மாதிரிதான். தலைச்சுமை முதுகெலும்பின் நேர்கோட்டில் இறங்குகிறது. கழுத்தும் நடையும் பழகிவிட்டால் அதற்குக் கைவலிமை அதிகம் வேண்டாம். சட்டியைத் தரையிலிருந்து தலைக்கு ஏற்றும் அந்த ஒரு கணத்தைக் கவனியுங்கள், பெரும்பாலும் இன்னொருவர் ஒரு கை கொடுப்பார். அந்தக் கணம்தான் வலிமை. அதன் பிறகு ஏறி இறங்குவது தாக்குப்பிடித்தல், அது வேறு திறன், அதில் பெண்கள் பின்தங்கியவர்கள் இல்லை. தங்கள் உச்ச வலிமையில் பாதி என்பதுபோல் ஒரே விகிதத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டே இருக்கச் சொன்னால் சராசரியாகப் பெண்களே அதிக நேரம் தாங்குகிறார்கள்.

ஊகத்தை விட்டு உண்மையை அறிய வேண்டுமானால் அளந்துவிடுங்கள். பிடிவலிமையை அளக்கும் கிரிப் டைனமோமீட்டர் கருவி இருக்கும் பிசியோதெரபி மையத்தில் பத்து நிமிட வேலை. நாற்காலியில் பாதம் தரையில் பதிய உட்கார வேண்டும். மேல்கை விலாவை ஒட்டி, முழங்கை 90 டிகிரி, கட்டைவிரல் மேல் பார்த்து, மணிக்கட்டு நேராக அல்லது சற்றுப் பின்னால் சாய்ந்து. மூன்று முதல் ஐந்து நொடி முழு மூச்சோடு அழுத்தி விட வேண்டும். ஒவ்வொரு கைக்கும் மூன்று முறை, நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. தவறுகள் எங்கே நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். முதலாவது பிடியின் அகலம்: ஐந்து நிலை உள்ள கருவியில் வழக்கமாக இரண்டாவது நிலையில் அளப்பார்கள். வீட்டுக்கு வாங்கும் மலிவான கருவியில் பையனுக்கு வைத்த அகலத்திலேயே மகளையும் அழுத்தச் சொன்னால் அவளுக்கு விரல் நுனி மட்டும் எட்டும், எண் குறைவாக வரும். நடுவிரலின் நடுக்கணு செங்கோணத்தில் மடங்கும் அளவுக்குக் குமிழைத் திருப்பி வையுங்கள். அடுத்தது கையை உதறி, உடம்பைச் சாய்த்து, வெடுக்கென்று இழுப்பது. எண் பொய்யாக ஏறும். ஒரு தடவை மூன்றில் சிறந்ததையும் இன்னொரு தடவை சராசரியையும் எழுதி வைத்துவிட்டு முன்னேற்றம் என்று சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. இரண்டு கிலோ ஏற்ற இறக்கம் நாளுக்கு நாள் சாதாரணமாக வரும்; மூன்று மணி நேரப் பரீட்சை எழுதிவிட்டு வந்த கையை அன்றைக்கு அளக்கவே வேண்டாம்.

அளந்த எண்களை ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே ஒப்பிடாமல் அவரவர் கோட்டோடு ஒப்பிடுவதுதான் மருத்துவத்தின் வழக்கம். முதியோரின் தசைக்குறைவைக் கண்டுபிடிக்க ஆசிய நாடுகளுக்காக 2019-இல் வந்த வழிகாட்டுதலில்கூட ஆணுக்கு 28 கிலோவுக்குக் கீழ், பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழ் என்று தனித்தனிக் கோடுகள். உங்கள் மகளுக்கு அர்த்தமுள்ள ஒப்பீடு அவளுடைய மூன்று மாதத்துக்கு முந்தைய எண், இல்லையென்றால் அதே கபடி அணியில் அதே எடையுள்ள இன்னொரு பெண்.

இப்போது உங்கள் மனைவி சொன்னதற்கு வருகிறேன். கை சாய்வதற்குச் சாப்பாடு காரணமில்லை. அதற்காகச் சாப்பாட்டை விட்டுவிட முடியாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாதவிலக்கும் வளர்ச்சியும் விளையாட்டும் சேரும் வயது இது. ரத்தசோகை ஒரே ஒரு முறை அழுத்தும் உச்ச வலிமையைவிட, மூச்சையும் தாக்குப்பிடித்தலையும்தான் அதிகம் பாதிக்கும். ஆகவே தம்பியோடு தோற்பதைப் பார்க்காதீர்கள். இரண்டாவது பாதி ஆட்டத்தில் சோர்ந்து நிற்கிறாளா, மாடிப்படியில் மூச்சு வாங்குகிறாளா, போன ஆண்டு செய்ததை இந்த ஆண்டு செய்ய முடியவில்லையா என்று பாருங்கள். அப்படி இருந்தால் ரத்த அணுக்களையும் ஹீமோகுளோபினையும் அளக்கும் சி.பி.சி. ரத்தப் பரிசோதனை எடுங்கள். அவள் வயதில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழ் என்றால் ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும் பிள்ளைகள் நிறைய. விழுங்குகிறாளா என்று கேளுங்கள். விழுங்கிய கையோடு காபியோ டீயோ குடித்தால் பாதி வீண். பதினைந்து வயது முடிந்தும் பூப்பெய்தவில்லை, அல்லது மூன்று மாதமாக மாதவிலக்கு நின்றுபோயிருக்கிறது என்றால் பரிசோதனையை ஒத்திப்போட வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

பயிற்சியால் என்ன பயன் என்ற அவளுடைய கேள்விக்கு நல்ல செய்தி உண்டு. ஒரே திட்டத்தில் பயிற்சி செய்யும் ஆணும் பெண்ணும் சதவீதக் கணக்கில் ஏறத்தாழ சமமாகவே முன்னேறுகிறார்கள். மேலுடம்பு வலிமையில் பெண்களின் சதவீதம் சற்றுக் கூடுதலாகவே வந்திருக்கிறது, அவர்கள் தொடங்கும் இடம் கீழே என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். கபடி மட்டும் போதாது. அது காலுக்கும் இடுப்புக்கும் நல்லது, மேலிருந்து இழுக்கும் வேலையை அதில் கை செய்வதே இல்லை. வாரம் இரண்டு நாள், கபடி இல்லாத நாளாக இருந்தால் நல்லது. முழங்கால் ஊன்றிய புஷ்-அப்பை விட்டுவிட்டு, திண்ணை உயரத்தில் கை வைத்து உடம்பை நேராக வைத்துச் செய்யட்டும். மூன்று செட், செட்டுக்கு எட்டு முதல் பன்னிரண்டு. பன்னிரண்டு சுலபமானதும் படிக்கட்டு உயரத்துக்கு இறங்கட்டும், பிறகு தரை. கம்பியில் இரண்டு கையாலும் தொங்குதல், 15 நொடியில் தொடங்கி 45 வரை. இடுப்பு உயரக் கம்பிக்கு அடியில் படுத்து நெஞ்சை மேலே இழுத்தல். ஒரு கனமான பையை மார்போடு அணைத்து உட்கார்ந்து எழுந்திருத்தல். எதையும் உயிரைக் கொடுத்துச் செய்ய வேண்டாம், இன்னும் ஒன்றிரண்டு முடியும் என்ற இடத்தில் நிறுத்தினால் போதும். முதல் நாலு முதல் ஆறு வாரம் ஏறும் வலிமை பெரும்பாலும் நரம்பு கற்றுக்கொண்டது. கண்ணுக்குத் தெரியும் தசை அதன் பிறகுதான். இங்கேதான் நிறையப் பெண்கள் ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்துகிறார்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. எறிதலில் பையன்களின் முன்னிலை பருவத்துக்கு வெகு முன்பே, நாலைந்து வயதிலேயே தெரிகிறது; கல்லெறிந்து, கிரிக்கெட் ஆடிப் பழகியது அதில் எவ்வளவு, உடம்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் ஆதாரம் போதவில்லை. மாதவிலக்குச் சுழற்சியில் எந்த வாரம் வலிமை கூடும், எந்த வாரம் குறையும் என்று அட்டவணை போட்டுத் தரும் செயலிகளை நம்பிப் பயிற்சியை மாற்ற வேண்டாம். இதுவரை கிடைத்த சராசரி வித்தியாசம் மிகச் சிறியது, ஆய்வுகளின் தரமும் சுமார். அவளுக்கு வலி இருக்கும் நாளில் குறைத்துக்கொள்ளட்டும், அது போதும்.

கடைசியாக அந்த மேசை விளையாட்டைப் பற்றி. 13 முதல் 16 வயதில் முழங்கையின் உள்பக்க எலும்பு முனை இன்னும் குருத்தெலும்பால்தான் ஒட்டியிருக்கும். ஆர்ம் ரெஸ்லிங்கில் திடீரென்று முறுக்கினால் தசை அந்த முனையையே பிய்த்துக்கொண்டு வரும்; இந்தக் காயம் அதிகம் வருவது தன் பலம் தனக்கே புதிதாக இருக்கும் பையன்களுக்கு. பெரியவர்களுக்கு மேல்கை எலும்பு சுருள்போல முறிவதும், கூடவே மணிக்கட்டைத் தூக்கும் நரம்பு அடிபடுவதும் இதே விளையாட்டில்தான். ஆடித்தான் தீருவோம் என்றால் கை எப்போதும் தோளுக்கு நேர் முன்னால் இருக்கட்டும், முகம் தன் கையைப் பார்த்தபடி இருக்கட்டும். உடம்பு ஒரு பக்கம் திரும்பி, கை பின்தங்கி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பல்லைக் கடிப்பதுதான் எலும்பு முறியும் நிலை. அந்த நிலைக்குப் போனவர் உடனே விட்டுக்கொடுத்துவிட வேண்டும். உள்பக்க முழங்கையில் டப்பென்று சத்தம் கேட்டு வீங்கினால் எண்ணெய் போட்டு உருவிவிடாமல், கையைத் துணியால் கழுத்திலிருந்து தொங்கும்படி கட்டி அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.